எழுபத்தெட்டு கிலோ நானூறு கிராம்

"அவளைக் கம்பி எண்ண வைக்காம இந்தக் கட்டிலை விட்டு இறங்க மாட்டேன்," என்றார் டாக்டரம்மா.

இறங்கச் சொன்னாலும் இறங்க முடியாது என்பது வேறு விஷயம். வலது கையில் டிரிப்ஸ், இடது கையில் பிரஷர் பட்டை, மார்பில் நாலைந்து ஒயர்கள். வாய் மட்டும் பூரண ஆரோக்கியத்தில் இருந்தது. அந்த வாய்க்குப் பயந்து பக்கத்து அறை நோயாளிகள் மூன்று பேர் யாரையும் கேட்காமல் தாங்களாகவே குணமாகி வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்று ஆஸ்பத்திரியில் பேச்சு.

டாக்டரம்மா மிருக வைத்தியர். சொந்தமாக நாய் ஆஸ்பத்திரி நடத்துகிறவர். எப்பேர்ப்பட்ட கடிநாயும் அவரைக் கண்டதும் தன் பற்களை ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிடும். நாலு நாளைக்கு முன், வியாழக்கிழமை காலை, லேசான காய்ச்சலோடு மாடிப்படி ஏறியவர் பாதியில் சுருண்டு விழுந்தார். பிரஷர் பாதாளத்துக்குப் போயிருந்தது. சர்க்கரை அதற்கும் ஒரு மாடி கீழே. பிழைத்துக் கண் விழித்ததும் அவர் உச்சரித்த முதல் வார்த்தை, "நாத்தனார்."

கணவர் கப்பலில் வேலை பார்க்கிறவர்; வருஷத்துக்கு ஒருமுறை தரையைத் தொடுவார். வீட்டில் இருப்பது டாக்டரம்மாவும் கணவரின் தங்கையும்தான். விழுந்த அன்று காலை சூப் வைத்துக் கொடுத்தவள் அந்தத் தங்கை. போதாக்குறைக்கு முந்தின வாரச் சண்டையில், தெருவே ஜன்னலைத் திறந்து வைத்துக் கேட்க, "அண்ணி, நீங்க விழுந்து கிடக்கறதைப் பாக்காம நான் சாக மாட்டேன்" என்று வேறு சொல்லித் தொலைத்திருந்தாள்.

மாலை நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் புகார்க் காகிதத்தோடு வருவார். டாக்டரம்மா கையெழுத்துப் போட்டால் நாத்தனார் ஜெயிலுக்கு. இப்போதே அவள் வெளியே பெஞ்சில், ஒரு பெண் போலீஸின் பக்கத்தில், மடியில் கைப்பையை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மணி ஒன்று.

"சூப்ல ஒண்ணும் இல்லைங்கறாங்க போலீஸ்காரங்க. நீங்க கண்டுபிடிங்க. அதுக்குத்தான் உங்களைக் கூப்பிட்டது," என்று எதிரே நின்றவரைப் பார்த்து உறுமினார் டாக்டரம்மா.

எதிரே நின்றவர் அத்தை. இருபத்தேழு வருஷம் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் குப்பி ஆட்டியவர், இப்போது துப்பறிகிறார். ஒரு சொட்டு ரத்தத்தைக் காட்டினால், ஆள் நேற்று என்ன சாப்பிட்டான், யாரிடம் பொய் சொன்னான் என்பதுவரை சொல்லிவிடுவார். உலகம் முழுக்க அவரை அத்தை என்று கூப்பிட்டாலும், அப்படிக் கூப்பிட முறையான உரிமை உள்ளவர் பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை மட்டும்தான். மகளைக் கட்டியவர். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார்; மீதி நேரத்தில் மாமியாருக்கு உதவியாளர். சம்பளம் கிடையாது, சாப்பாடு உண்டு.

அத்தை நாத்தனாரைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. டாக்டரம்மாவின் முகத்தையே பார்த்தார். முழு நிலா போல உருண்டையான முகம். கையில் ஊசி குத்தாத இடங்களிலும் ஊதா ஊதாவாகத் தடம்.

"எப்பலருந்து இப்படி முகம் ஊதியிருக்கு?"

"எட்டு மாசமா. முட்டி வலிக்கு ஒரு மூலிகைப் பொடி சாப்பிடறேன். கசக்கும்னு கேப்ஸ்யூல்ல அடைச்சுத் தர்றாங்க. அதுலருந்து வலி பறந்து போச்சு, பசி வந்துச்சு. அந்த டப்பாவையும் போலீஸ் சோதிச்சாச்சு. சுத்தம். பேச்சை மாத்தாதீங்க. அவளை எனக்கு உள்ளே தள்ளணும்."

"கண்டிப்பா யாரையாவது தள்ளிடுவோம் மேடம்," என்று ஆறுதல் சொன்னார் மாப்பிள்ளை.

டியூட்டி டாக்டர் மூன்று நாளாகத் தூங்காதவர். சுவரில் சாய்ந்து, கண்களைத் திறந்தபடியே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அத்தை ரிப்போர்ட் கேட்டதும் விழித்தார்.

"காப்பாத்தினது நான்னு எல்லாரும் சொல்றாங்க. நான் இல்லை. அவங்களைக் கொண்டு வந்து பத்தாவது நிமிஷம் எமர்ஜென்சிக்கு ஒரு போன் வந்துச்சு. ஆம்பளைக் குரல். 'இப்ப வந்த டாக்டரம்மாவுக்கு உடனே ஸ்டீராய்டு ஊசி போடுங்க. சலைனும் குளுக்கோஸும் ஏத்துங்க. எடை எழுபத்தெட்டு கிலோ நானூறு கிராம்.' அவ்வளவுதான், வச்சுட்டார். எங்களுக்கும் வேற வழி தெரியலை, போட்டோம். எழுந்துட்டாங்க."

"ஊசிக்கு முன்னாடி ரத்தம் எடுத்தீங்களா?"

"எடுத்தோம். ரிசல்ட் இப்பத்தான் வந்துச்சு, இன்ஸ்பெக்டருக்கே இன்னும் சொல்லலை."

அத்தை சீட்டை வாங்கிப் படித்தார். அவருடைய புருவம் ஏறிய உயரத்தைப் பார்த்து மாப்பிள்ளை ஒரு அடி பின்வாங்கினார்.

"பெரியவங்களுக்கு இந்த ஊசி போட எடை பார்ப்பீங்களா டாக்டர்?"

"இல்லையே. குண்டோ ஒல்லியோ, எல்லாருக்கும் ஒரே அளவுதான். அதான் எனக்கும் புரியலை. நானூறு கிராம் எதுக்கு?"

வண்டியில் ஏறினார்கள். டிரைவிங் ஸ்கூல் கார். கற்றுக்கொடுப்பவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அங்கேதான் அத்தை உட்காருவார். நினைத்தபோது அழுத்துவார். வண்டி நிற்கும். வீட்டிலும் ஏற்பாடு அதுவேதான்.

"ஒரு பொம்பளையோட எடை கிராம் வரைக்கும் யாருக்குத் தெரியும் மாப்பிள்ளை?"

"கட்டின புருஷனுக்கே தெரியாது அத்தை. தெரிஞ்சு, அதை வெளிய சொல்லியும், உயிரோட இருக்கறவனை நான் பாத்ததில்லை."

"நாய் ஆஸ்பத்திரிக்கு விடுங்க. போற வழியில இந்தச் சீட்டைச் சொல்றேன். மண்டைக்குள்ள ஒரு கூட்டுக் குடும்பம் இருக்கு."

"என் மண்டையில இடம் பத்தாதே."

"உங்க மண்டையில தாராளமா இருக்கு. மூளைக்கு அடியில ஹைப்போதலாமஸ்னு ஒருத்தர். மாமனார்னு வச்சுக்குங்க. ரூமை விட்டு வெளிய வர மாட்டார். ஆனா பசி, குளிர், பயம், காய்ச்சல், எல்லாச் சேதியும் அவருக்கு வந்துடும். என்ன வேணுமோ, பக்கத்துல இருக்கற ஆள் காதுல மட்டும் முணுமுணுப்பார். அந்தப் பக்கத்து ஆள் பேர் பிட்யூட்டரி. பட்டாணி அளவுதான். ஆனா அது போடற சத்தம் உள்ளங்கால் வரைக்கும் கேட்கும்."

"மாமியார்," என்றார் மாப்பிள்ளை, ஒரு வினாடிகூட யோசிக்காமல்.

அத்தை பிரேக்கை அழுத்தினார். வண்டி நின்றது. பின்னால் வந்த பதினேழு வண்டிகள் ஹாரன் அடித்தன.

"பொதுவா சொன்னேன் அத்தை. மேல சொல்லுங்க."

"கழுத்துல தைராய்டு, சிறுநீரகத்து மேல தொப்பி மாதிரி அட்ரினல், இவங்கல்லாம் மருமகள்கள். மாமியார் ரத்தத்துல ஆளுக்கொரு உத்தரவு அனுப்பும். அட்ரினல் மருமக கார்டிசால்னு ஒரு ஹார்மோன் சமைப்பா. பிரஷரையும் சர்க்கரையையும் தாங்கிப் பிடிக்கிறது அதுதான். காய்ச்சல் வந்தா ரெண்டு பங்கு சமைக்கணும். சமையல் வாசனை மாமனார் மூக்குக்கு எட்டினா, போதும்பார். மாமியார் சத்தம் நிக்கும். வாசனை குறைஞ்சா மறுபடி முணுமுணுப்பு, மறுபடி சத்தம். இப்ப இந்தச் சீட்டுல கார்டிசால் இல்லவே இல்லை. அடுப்படியில ஒண்ணும் வேகலை. மாமியார் என்ன செய்யணும்?"

"வீட்டை ரெண்டாக்கணும்."

"ஆங். அட்ரினல் தானாக் கெட்டுப் போயிருந்தா, பிட்யூட்டரி கத்திக் கத்தித் தொண்டை கிழிஞ்சிருக்கும். அதோட உத்தரவு ஹார்மோன் சீட்டுல உச்சியில நிக்கணும். ஆனா அதுவும் தரையில கிடக்கு. மாமியார் வாயே திறக்கலை."

"சான்ஸே இல்லை. மாமியாருக்கு உடம்பு ஏதாவது முடியாம இருக்கும்."

"மூளை ஸ்கேனும் பாத்துட்டாங்க. கல்லு மாதிரி இருக்கு. அப்ப ஒரே ஒரு வழிதான். ஹோட்டல் சாப்பாடு."

மாப்பிள்ளைக்கு உண்மையிலேயே பசித்தது. சொல்லவில்லை.

"ஸ்டீராய்டு மாத்திரை கார்டிசாலுக்குச் சித்தப்பா மகன் மாதிரி. யாரோ அதை மாசக் கணக்கா, அந்த அம்மாவுக்குத் தெரியாம, தினம் கொடுத்திருக்காங்க. வீடு பூரா வாசனை. மாமனார் முணுமுணுக்கலை, மாமியார் கத்தலை, மருமகளோட அடுப்பு துருப்பிடிச்சுப் போச்சு. முகம் உருண்டது, முட்டி வலி பறந்தது, பசி எடுத்தது, எல்லாம் அந்தச் சாப்பாட்டு வேலை. அப்புறம் ஒருநாள் சொல்லாம கொள்ளாம ஹோட்டலை மூடிட்டாங்க. ஒரு சின்னக் காய்ச்சல் வந்துச்சு. சமைக்க ஆளில்லை."

சிவப்பு சிக்னலில், அத்தை அழுத்துவதற்கு முன், மாப்பிள்ளை தானே பிரேக்கை அழுத்தினார். அவர் வாழ்க்கையில் அது ஒரு சாதனை.

"அப்படின்னா அன்னிக்கு யாரும் எதுவும் கலக்கலை."

"கலக்கறதை நிறுத்தினாங்க. அதுதான் விஷம். ஊரே அன்னிக்கு என்ன போட்டாங்கன்னு தேடுது. என்ன போடலைன்னு நாம தேடுவோம்."

நாய் ஆஸ்பத்திரி வாசலில், கண் மட்டத்தில், கண்ணாடிச் சட்டம் போட்ட ஓர் அறிவிப்பு மாட்டியிருந்தது. 'கம்பவுண்டரின் கவனக்குறைவால் ஒரு உயிர் பிரிந்ததற்கு வருந்துகிறோம்.' தேதி ஒன்றரை வருஷத்துக்கு முந்தையது. கண்ணாடியில் ஒரு தூசி இல்லை.

உள்ளே கம்பவுண்டர் ஒரு கிழட்டு நாயின் வாயில் மாத்திரை வைத்துத் தொண்டையைத் தடவிக்கொண்டிருந்தார். மெலிந்த ஆள். சட்டை அவரை அணிந்திருந்தது என்று சொல்ல வேண்டும். மேஜையில் அந்த நாய்க்கான பொட்டலங்கள் வரிசையாக: முழு மாத்திரை, முக்கால், அரை, கால்.

"ஒரே நாள்ல நிறுத்திட்டா என்ன ஆகும்?" என்று கேட்டார் அத்தை.

"செத்துடும்மா," என்றார் கம்பவுண்டர், நாயின் காதைப் பொத்திக்கொண்டு.

மாப்பிள்ளை அதற்குள் சுவரோரம் இருந்த எடைமேடையில் ஏறி நின்றிருந்தார். பெரிய நாய்களை நிறுத்தும் மேடை. காட்டிய எண்ணைப் பார்த்ததும் அவசரமாக இறங்கினார். பக்கத்தில் ஆணியில் ஒரு நோட்டு தொங்கியது. 'தராசு சரிபார்ப்பு. திங்கள்தோறும்.'

"இதுல யார் ஏறுவாங்க?"

"அம்மாதான். எடை தெரிஞ்ச ஒரே ஆள் வாராவாரம் ஏறினாத்தான் மிஷின் சரியா இருக்கான்னு தெரியும்."

"ஆனா ஏறிக்கிட்டே போகுதே. அறுபத்து நாலுல ஆரம்பிச்சிருக்கு."

"மிஷின் கெட்டுப்போச்சுன்னு மூணு தடவை ரிப்பேருக்கு ஆள் கூப்பிட்டாங்க," என்றார் கம்பவுண்டர். முகத்தில் சிரிப்பு இல்லை.

மாப்பிள்ளை புரட்டினார். முப்பத்து நாலு திங்கள்கிழமைகள். ஒவ்வொரு எடைக்குப் பக்கத்திலும் பென்சிலில் இன்னொரு எண். "அத்தை, இங்க பாருங்க. அறுபத்து நாலுக்குப் பக்கத்துல முப்பத்திரண்டு. எழுபதுக்கு முப்பத்தஞ்சு. எல்லாம் சரிபாதி. கடைசி ரெண்டு வாரம் மட்டும் பென்சில் எண் இல்லை. அதுல கடைசித் திங்கள் எடை..." அவர் குரல் இறங்கியது. "எழுபத்தெட்டு கிலோ நானூறு கிராம்."

அத்தை நோட்டை வாங்கி மூடினார்.

"மனுஷங்களுக்கு மருந்து கொடுக்கறவன் வாராவாரம் நிறுத்துப் பார்க்க மாட்டான் கம்பவுண்டர். நாய்க்குக் கொடுக்கறவன்தான் எடைக்குப் பாதி, எடைக்குக் கால்னு கணக்குப் போடுவான். அந்தப் பொடியைக் கேப்ஸ்யூல்ல அடைச்சது நீங்க. ஸ்டீராய்டைக் கலந்ததும் நீங்க. டப்பாவுல மிச்சம் இருந்தது நிறுத்தினதுக்கு அப்புறம் அடைச்சது, அதான் சுத்தம்."

கம்பவுண்டர் நாயைக் கீழே இறக்கிவிட்டார். கையைக் கழுவினார். விரல் விரலாகத் துடைத்தார்.

"பத்தொன்பது வருஷத்துல எடை எழுதாம நான் ஒரு மாத்திரைகூடக் கொடுத்ததில்லைம்மா. அதை மட்டும் விட முடியலை." வாசல் சட்டத்தைக் காட்டினார். "அது ஒரு கறுப்பு நாய். ஆறு மாசம் ஸ்டீராய்டு சாப்பிட்டுது. அம்மா வெளியூர் கிளம்பற அவசரத்துல, 'போதும், இன்னியோட நிறுத்து'ன்னாங்க. படிப்படியாக் குறைக்கணும்மான்னு சொன்னேன். 'நீ டாக்டரா, நான் டாக்டரா'ன்னாங்க. ஒன்பதாம் நாள் இந்த வாசல்லயே விழுந்துச்சு. அம்மா திரும்பி வந்து, கம்பவுண்டர் பொட்டலம் கட்ட மறந்துட்டான்னு சொல்லிட்டாங்க. நாயை வளர்த்த தையல்காரம்மா இன்னும் என்னைத் தெருவுல பார்த்தா எதிர்ப்பக்கம் போயிடறாங்க. ஒரே ஒரு வரி, நான் இல்லைன்னு எழுதிக் கொடுங்கன்னு கேட்டேன். சிரிச்சாங்க. அந்தக் கண்ணாடியை தினம் துடைக்கறது என் வேலை."

"அதுக்காக அதையே அவங்களுக்கும் செஞ்சீங்க. சரி. அப்புறம் அவங்க விழுந்த சேதி வந்ததும் ஏன்யா போன் பண்ணிக் காப்பாத்தினீங்க?" என்று கேட்டார் மாப்பிள்ளை.

"அதை அவங்க முன்னாடிதான் சொல்லுவேன். வண்டியை எடுங்க. நாலு மணிக்கு நாத்தனார் மேல கேஸ் எழுதறாங்கன்னு ஊரே பேசுது. அந்தப் பொண்ணு ஜெயிலுக்குப் போறதுக்காக நான் இதைச் செய்யலை."

அறைக்குள் நுழைந்தபோது டாக்டரம்மாவின் விரல்களுக்கு நடுவே பேனா இருந்தது. இன்ஸ்பெக்டர் காகிதத்தைப் பலகையில் வைத்துப் பிடித்திருந்தார். நாத்தனாரைக் கட்டில் முனையில் நிறுத்தி வைத்திருந்தார்கள். தான் சிக்குவதை அவள் நின்று பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மாவே கேட்டு வாங்கிய ஏற்பாடு.

"அதுல கையெழுத்துப் போட்டா, இந்தச் சீட்டோட நான் கோர்ட்டுக்கு வருவேன்," என்றார் அத்தை. மூன்றே நிமிஷத்தில் சொல்லி முடித்தார்: ஊமையாகிப்போன பிட்யூட்டரி, உறங்கிப்போன அட்ரினல், பென்சில் எண்கள், போன். "இதே ரிசல்ட் ஒரு நாயோடதா இருந்தா, நீங்களே அரை நிமிஷத்துல கண்டுபிடிச்சிருப்பீங்க டாக்டரம்மா."

நிலா முகம் சிவந்தது. நாத்தனாரை விட்டுக் கண் நகர்ந்து கம்பவுண்டர் மேல் நின்றது. அந்தப் பார்வையில் ஓரமாக நின்ற மாப்பிள்ளைக்குச் சட்டைக் காலர் கருகியது.

"நீயா. என் கையில சோறு தின்னவன். இன்ஸ்பெக்டர், இவன் வெளியவே வரக் கூடாது."

"ஏன் செஞ்சான்னு தெரியணுமே மேடம். இருக்கற கேப்ஸ்யூல் சுத்தம். நோட்டுல பென்சில்ல நாலு நம்பர். காரணம் இல்லாம இந்தக் கேஸ் ஒரு நாள் நிக்காது."

"காரணம் அம்மாவுக்குத் தெரியும்," என்றார் கம்பவுண்டர். "கறுப்பு நாயோட மருந்தை நிறுத்தச் சொன்னது யார்னு அவங்க கைப்பட எழுதட்டும். எழுதினா எல்லாத்தையும் ஒத்துக்கறேன். எழுதலைன்னா நான் ஒண்ணும் செய்யலை."

"அதை எழுதினா என் லைசென்ஸ் போயிடும்டா."

"ஆமா."

"நான் செத்திருந்தா?"

"அதுக்குத்தான் போன் பண்ணேன். செத்துட்டா யார் எழுதறது?"

டாக்டரம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுதாவிட்டால் ஆஸ்பத்திரி இருக்கும், பெயர் இருக்கும். இந்த ஒல்லிப்பிச்சான் நாளைக் காலையில் அதே தெருவில் சட்டை மடிப்புக் கலையாமல் நடந்து போவான். அந்தக் காட்சியை அவர் மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பது வெளியே நின்றவர்களுக்கே தெரிந்தது.

"வெள்ளைப் பேப்பர் கொடுங்க," என்றார்.

"லைசென்ஸ் மேடம்," என்று இழுத்தார் இன்ஸ்பெக்டர்.

"போகட்டும். இவனும் போகணும்."

இரண்டு பக்கம் எழுதினார். கை நடுங்கியது, பேனா மூன்று இடத்தில் காகிதத்தைக் கிழித்தது. கம்பவுண்டர் வாங்கி, ஒரு எழுத்து விடாமல் படித்தார். இரண்டாம் பக்கத்தில் ஓர் இடத்தை மறுபடியும் படித்தார். "ஒரு காப்பி எடுத்துத் தையல்காரம்மா வீட்டுல கொடுத்துடுங்க சார்," என்று இன்ஸ்பெக்டரிடம் சொல்லிவிட்டு, வாட்சைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, அவருக்கு முன்னால் தானே நடந்தார். பெண் போலீஸும் பின்னால் போனாள். நாத்தனாரை யாரும் தடுக்கவில்லை. ஆனால் அவள் போகவில்லை.

டியூட்டி டாக்டர் ஒரு மாத்திரை அட்டையோடு வந்தார். "இன்னியிலருந்து மாத்திரை. தலைக்குள்ள இருக்கறவங்க முழிச்சுக்க மாசக் கணக்காகும். அதுவரைக்கும் வேளை தவறாம கொடுக்கணும், ரொம்ப மெதுவாக் குறைக்கணும். ஒருநாள் விட்டாலும் மறுபடி படியில விழுவீங்க. இந்தக் கை நடுக்கத்துல நீங்களா எடுக்க வேண்டாம். வீட்டுல யார் கொடுப்பாங்க?"

மாப்பிள்ளை எதையோ சொல்ல வாயெடுத்தார். அத்தை அவர் காலை மிதித்தார். அந்தப் பக்கமும் பிரேக் இருந்தது.

நாத்தனார் கைப்பையை நாற்காலியில் வைத்தாள். அட்டையை வாங்கினாள். டாக்டர் சொன்னதை எல்லாம் இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள். ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்து, தண்ணீர் டம்ளரோடு கட்டில் தலைமாட்டுக்கு வந்து நின்றாள். அவள் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் டாக்டரம்மாவை என்னவோ செய்தது.

"என்ன மாத்திரை அது?" என்றார் டாக்டரம்மா.

"டாக்டர் கொடுத்ததுதான் அண்ணி."

"காட்டு."

"உள்ளங்கையிலதான் இருக்கு. பாருங்க. நல்லாப் பாருங்க. எனக்கு ஒண்ணும் அவசரம் இல்லை. தினம் ரெண்டு வேளை, மாசக் கணக்கா. நமக்குள்ள நேரம் நிறைய இருக்கு."

டாக்டரம்மா மாத்திரையைப் பார்த்தார். நாத்தனாரைப் பார்த்தார். மறுபடியும் மாத்திரையைப் பார்த்தார்.

"வாயைத் திறங்க அண்ணி."

திறந்தார்.